கை, கால் நிணநீர்ப் படம்: எந்த டினையலுக்கு எதை முதலில் பார்ப்பது

ராத்திரி 9 மணிக்கு மேல் ஒரு குரல் வரும்: “அக்கா, மறுபடியும் லிம்ஃப்.”

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் 3-வது மாடி. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் க்ளெய்ம்களைத் துரத்திப் பிடிப்பது எங்கள் பிழைப்பு. வராத பணத்தை ஃபோனில் கேட்கும் ஏ.ஆர். காலிங்கில் எனக்கு 11 வருஷம் ஓடிவிட்டது. எக்ஸ்ரே, சி.டி. டினையல்களை (பணம் தர மறுத்தவற்றை) புதுப் பிள்ளைகளே 3 மாசத்தில் தூக்கக் கலக்கத்திலும் முடித்துவிடுவார்கள். கை, காலின் நிணநீர்க் குழாய்களைப் படம் எடுத்த க்ளெய்ம் மட்டும் வாரத்துக்கு நாலைந்துதான் வரும். கம்மியாக வருவதால் யாருக்கும் கை பழகுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டு போனதால் எழுதி வைத்துவிட்டேன். ஈ.ஓ.பி.யில், அதாவது இன்ஷூரன்ஸ் அனுப்பும் பணக் கணக்குத் தாளில், என்ன டினையல் வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அடுத்த தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்: ஊசியில் என்ன போனது, எந்தக் கேமரா பார்த்தது?

‘லிம்ஃப் ஸ்டடி’ என்ற ஒரே பேரில் நாலு வேறு வேலைகள் நடக்கின்றன. அப்பாயின்ட்மென்ட் லிஸ்டில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். செய்த வேலைக்குக் கோட், அதாவது பில் நம்பர், போட்டவர் பழக்க தோஷத்தில் ஒன்றைப் போட்டிருப்பார். ரிப்போர்ட்டைத் திறந்ததும் கண் தானாகக் கீழே இருக்கும் முடிவுக்கு ஓடும், ஓட விடாதீர்கள். ‘டெக்னிக்’ என்ற பத்தியைப் படியுங்கள்.

டெக்னீஷியம் 99எம், சல்ஃபர் கொலாய்டு, டில்மனோசெப்ட், மில்லிகியூரி, காமா கேமரா என்ற வார்த்தைகள் இருந்தால் அது லிம்ஃபோசிண்டிகிராஃபி. கோட் 78195.

லிப்பியோடால், எண்ணெய் காண்ட்ராஸ்ட், கேனுலா, ஃப்ளூரோஸ்கோபி என்று இருந்தால் அது பழைய லிம்ஃபான்ஜியோகிராஃபி. கை அல்லது கால் மட்டும் என்றால் ஒரு பக்கத்துக்கு 75801, இரண்டு பக்கத்துக்கும் 75803. இடுப்பு, வயிறு என்று மேலே போயிருந்தால் 75805, 75807.

இண்டோசயனின் கிரீன், அகச்சிவப்புக் கேமரா என்றால் ஐ.சி.ஜி.; அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது. கடோலினியம் போட்டு எம்.ஆர். எடுத்திருந்தால் சாதாரண எம்.ஆர்.ஐ. கோட்தான்: காலுக்கு 73718 முதல் 73720 வரை, கைக்கு 73218 முதல் 73220 வரை.

நீலச் சாயத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். லிம்ஃபான்ஜியோகிராஃபியில் குழாய் கண்ணில் படுவதற்காக முதலில் நீலச் சாயம் ஏற்றுவார்கள்; புற்றுநோய் அறுவையில், புற்று முதலில் பரவும் சென்டினல் நிணநீர் முடிச்சைத் தேடவும் அதே சாயம்தான். ஒரு கிளையன்டிடமிருந்து 4 மாசமாக 75803 வந்துகொண்டிருந்தது. எல்லாமே காமா கேமரா படங்கள். அவர்கள் சாஃப்ட்வேரில் ‘லிம்ஃப்’ என்று அடித்தால் முதலில் எட்டிப் பார்ப்பது 75803. அதையே க்ளிக் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். டினையல் ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தில் வந்ததால் எங்களுக்கும் உறைக்கவில்லை. ஒருத்தர் ஆத்தரைசேஷனுக்கு (இன்ஷூரன்ஸின் முன் அனுமதிக்கு) ஓடினார், ஒருத்தர் கோடுக்குப் பின்னால் ஒட்டும் மாடிஃபையரை மாற்றினார், நான் அப்பீல் லெட்டர் எழுதினேன். டெக்னிக் பத்தியை ஒருத்தரும் படிக்கவில்லை.

கோடே தப்பு என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏ.ஆர். ஆள் சி.பி.டி. கோடை, அதாவது செய்த வேலைக்கான கோடை, மாற்றக்கூடாது. ரிப்போர்ட்டோடு கோடிங் டீமுக்கு அனுப்புங்கள். சி.பி.டி. ஒவ்வொரு ஜனவரி 1-லும், வியாதிக் கோடான ஐ.சி.டி. ஒவ்வொரு அக்டோபர் 1-லும் புதுசாகும். எது எதற்குள் அடங்கும் என்று சொல்லும் பண்டிலிங் விதிகள் 3 மாசத்துக்கு ஒரு தடவை மாறும். இங்கே இருக்கும் நம்பர்களையும் சர்வீஸ் நடந்த தேதிக்குரிய பட்டியலில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டே அனுப்புங்கள்.

## “க்ளெய்ம் ஆன் ஃபைலில் இல்லை” என்கிறார்கள்

இது டினையலே இல்லை. க்ளெய்ம் போய்ச் சேரவில்லை. க்ளெய்மை இடையில் வாங்கி அனுப்பும் க்ளியரிங்ஹவுஸின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். பாதி நேரம் இன்ஷூரன்ஸ் ஐ.டி.யில் ஒரு எழுத்து இடறியிருக்கும், அல்லது பேயரின், அதாவது பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸின், ஐ.டி. பழசாக இருக்கும். சரிசெய்து அனுப்பிவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐ.டி. சரி, பேயரும் சரி, அப்படியும் இல்லை என்றால் ஆளுக்கு வேறு பாலிசி இருக்கிறதா என்று எலிஜிபிலிட்டி பாருங்கள்.

## சி.ஓ. 16: தகவல் போதவில்லை

டினையல் காரணக் கோடான சி.ஓ. 16-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விடிந்துவிடும். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போர்டு நிற்கும். மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியாவிட்டாலும் எத்தனாவது வளைவில் நிற்கிறோம் என்று போர்டு சொல்லிவிடும். சி.ஓ. 16 மூடுபனி; அதற்குப் பக்கத்தில் இருக்கும் ரிமார்க் கோட்தான் போர்டு.

என் 264, என் 265: படம் எடுக்கச் சொன்ன டாக்டரின் பேரோ என்.பி.ஐ. என்ற அடையாள நம்பரோ இல்லை. க்ளெய்ம் அனுப்பும் சி.எம்.எஸ். 1500 ஃபாரத்தில் 17, 17பி கட்டங்களைப் பாருங்கள். படம் எடுக்க ஆர்டர் கொடுத்தவர் என்றால் பேருக்கு முன்னால் டி.கே. என்ற அடையாளம் வர வேண்டும். பல சாஃப்ட்வேர்கள் தானாக, பரிந்துரைத்தவர் என்று சொல்லும் டி.என். போட்டு வைக்கின்றன. அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேராக இருந்தால் அந்த டாக்டர் மெடிகேரில் பதிவானவரா என்பதையும் பாருங்கள். லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கி வரும் வீக்கம்) நோயாளிகளைப் பிசியோதெரபிஸ்ட் பார்ப்பது சகஜம். ஆர்டரில் அவர் பேர் ஏறியிருந்தால் எத்தனை தடவை அனுப்பினாலும் திரும்பத்தான் வரும். டாக்டரின் ஆர்டரைக் கிளையன்டிடம் கேளுங்கள்.

எம் 119: மருந்தின் என்.டி.சி. நம்பர் இல்லை. ட்ரேசர் (கதிரியக்க மருந்து) லைனுக்குத்தான் கேட்கிறார்கள்.

எம் 127: ரெகார்டு கேட்கிறார்கள். சி.ஓ. 252 வந்தாலும் இதே வேலைதான். ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினால் போதாது. ஆர்டரையும் டாக்டரின் விசிட் நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எம்.ஏ. 130 கூடவே வந்திருந்தால் அப்பீல் எழுதி நேரத்தை வீணடிக்காதீர்கள். அந்த க்ளெய்முக்கு அப்பீல் உரிமையே கிடையாது. சரிசெய்து புது க்ளெய்மாக அனுப்புங்கள்.

## சி.ஓ. 4, சி.ஓ. 18: மாடிஃபையர் பொருந்தவில்லை, அல்லது ‘டூப்ளிகேட்’

செவ்வாப்பேட்டையில் கொலுசு வாங்கப் போனால் விலையை ஜோடிக்குத்தான் சொல்வார்கள். ஒரு காலுக்கு மட்டும் கொலுசு கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். 75803 ஜோடி விலை. 75801 ஒற்றைக் கால் விலை. ஜோடிக்கென்று தனிக் கோட் இருக்கும்போது ஒற்றையை இரண்டு தடவை போடக் கூடாது.

எங்களிடம் வந்த தப்புகள், மலிவானதிலிருந்து:

75801-ஐ ஆர்.டி. (வலம்), எல்.டி. (இடம்) என்று 2 லைனாகப் போட்டிருக்கிறார்கள். முதல் லைன் பணம் வாங்கிவிடும், இரண்டாவது அடிபடும். ஓமலூர்த் தம்பி ஒருத்தர் இரண்டாவது லைனை மட்டும் 76 மாடிஃபையரோடு திரும்ப அனுப்பினார். 76 என்றால் அதே வேலையை அதே டாக்டர் மறுபடியும் செய்தார் என்று அர்த்தம். இடது காலை எடுத்தது வலது காலை மறுபடி எடுத்ததாகாது. சரியான வழி: இரு பக்கமும் செய்தது ரிப்போர்ட்டில் இருந்தால், கோடிங் டீம் 75803 என்று மாற்றிக் கரெக்டட் க்ளெய்ம் அனுப்ப வேண்டும்.

75801-க்கு, இரு பக்கமும் என்று சொல்லும் 50 மாடிஃபையரைப் போட்டிருக்கிறார்கள். அதே கதை, அதே மருந்து.

ஊசிக்குப் போட்ட 50-ஐயும் நீக்கிவிட்டார்கள். மேலே சொன்னதைக் கேட்டு அதிக ஆர்வத்தில் நடக்கும் தப்பு இது. லிம்ஃபான்ஜியோகிராஃபி ஊசிக்கான 38790-க்கு ஜோடிக் கோட் கிடையாது. இரு பக்கமும் போட்டால் 50 சேரும்.

78195-ஐ 2 யூனிட் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடில் வலம், இடம் என்ற பேச்சே இல்லை. ஒரு கால் வீங்கியிருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு காலையும்தான் எடுப்பார்கள். 1 யூனிட். தாமதப் படம் என்று சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ எடுத்தாலும் அதே ஸ்டடியின் மிச்சம்தான். மறுநாள் தேதிக்கு இன்னொரு 78195 வந்திருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கரெக்டட் க்ளெய்ம் அனுப்பும்போது தனியார் பேயர் என்றால் 22-வது கட்டத்தில் 7-ம், பழைய க்ளெய்ம் நம்பரும் வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடுத்த சி.ஓ. 18 ஆகத் திரும்பி வரும். மெடிகேர் பார்ட் பி-யில் இந்த 7 செல்லாது; அங்கே முடிந்த க்ளெய்மை மறுபடி திறக்கும் ரீஓப்பனிங் கேட்க வேண்டும்.

## சி.ஓ. 97, சி.ஓ. 236: “அது இதிலேயே அடங்கிவிட்டது”

இங்கே அடிக்கடி அடிபடுவது ஊசி. முதல் கேள்வி: எந்த ஊசி?

*78195-ஓடு 38792 சேர்ந்து வந்திருந்தால்:* 38792 சென்டினல் முடிச்சைக் கண்டுபிடிக்கப் போடும் கதிரியக்க ஊசி. படம் எடுக்காமல் ஊசி மட்டும் போட்டால்தான் அதைப் போடலாம். படம் எடுத்துவிட்டால் ஊசி 78195-க்குள் போய்விடும். டினையல் சரி. தள்ளுபடி செய்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள். தனி வேலை என்று சொல்லும் 59 மாடிஃபையரைப் போட்டுப் பிரிக்கப் பார்க்காதீர்கள். ஆடிட்டில் முதலில் மாட்டுவது அதுதான்.

*78195-ஓடு 38790 வந்திருந்தால்:* ரிப்போர்ட்டை மறுபடி படியுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் ஐசோடோப் படமும் எண்ணெய்ப் படமும் எடுப்பது அபூர்வம். அநேகமாக ஒன்று பழக்க தோஷம்.

*75801 அல்லது 75803-ஓடு 38790 வந்து அடிபட்டிருந்தால்:* இது நியாயமாகச் சேர்ந்தே வர வேண்டிய ஜோடி. ஊசி ஒரு வேலை, படத்தைப் பார்த்துச் சொல்வது இன்னொரு வேலை. பேயரின் ரெப்பை (ஃபோனில் பேசும் ஆளை) கூப்பிட்டு எந்த எடிட், அதாவது எந்தத் தடுப்பு விதி, என்று கேளுங்கள். சில சமயம் அதே நாளில் வேறு ஒரு அறுவை நடந்து, அதற்குள் ஊசி போயிருக்கும். அறுவை நடந்த இடம் வேறு, ஊசி போட்ட இடம் வேறு என்று நோட்டில் தெளிவாக இருந்தால் மட்டும் 59-க்கோ, வேறு இடம் என்று சொல்லும் எக்ஸ்.எஸ்.-க்கோ கோடிங் டீமைக் கேளுங்கள்.

59 மாடிஃபையரை ஏ.ஆர். ஆள் தானே போடுவது எங்கள் ஆபீஸில் தடை. நான்தான் கேட்டு வாங்கிய தடை. டார்கெட் முடிக்க வேண்டிய மாசக் கடைசியில் அந்தக் கை எவ்வளவு அரிக்கும் என்று எனக்குத் தெரியும்.

## சி.ஓ. 11, சி.ஓ. 50: டயக்னாசிஸ் ஒட்டவில்லை, ‘மெடிக்கல் நெசசிட்டி’ இல்லை

பணம் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் செலவில்லாத சோதனை. 24இ கட்டத்தில் டயக்னாசிஸ் பாயின்டர் எதைக் காட்டுகிறது? நோயாளிக்கு 5 வியாதி இருக்கும். முதல் எழுத்து ரத்த அழுத்தத்தைக் காட்டும், லிம்ஃபெடீமா நாலாவதாக நிற்கும். பாயின்டரைத் திருத்தினால் முடிந்தது.

அடுத்து, கோட் சரியா? ஐ 89.0 என்பது வேறெங்கும் சேராத லிம்ஃபெடீமா. மார்பக அறுவைக்குப் பிறகு வந்த வீக்கம் என்றால் ஐ 97.2. பிறவியிலேயே வந்தது என்றால் கியூ 82.0. இவை ஒன்றையொன்று விலக்கும் கோடுகள், ஐ 89.0-வும் ஐ 97.2-வும் ஒரே க்ளெய்மில் நின்றால் பேயரின் கம்ப்யூட்டரே துப்பிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டதென்றால் சி 50 போகக்கூடாது. மார்பகப் புற்றுநோய் இருந்த வரலாற்றுக்கு இசட் 85.3. இன்னும் சிகிச்சை ஓடினால் சி 50.

ஆத்தூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி முதல் வாரத்திலேயே “ஏன்க்கா, கால் வீக்கம்தானே, பி 74 போட்டிருக்கலாமே?” என்றாள். பி 74 ஃபைலேரியா, நம்மூர் யானைக்கால். அவள் மேல் தப்பில்லை. கால் வீங்கிய பாட்டியைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கொசுதான் முதலில் நினைவுக்கு வரும். நாம் பார்க்கும் அமெரிக்க ரெகார்டுகளில் வீக்கத்துக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு அறுவையோ கதிர் சிகிச்சையோ இருக்கும். விசிட் நோட்டில் ஃபைலேரியா என்று டாக்டர் எழுதாத வரை பி 74 பக்கம் போகக் கூடாது.

அடுத்தது, ஒரு வார்த்தை. இதை நான் கற்றுக்கொள்ள 6 வருஷம் ஆனது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ரேடியாலஜிஸ்ட் அழகாக எழுதியிருப்பார்: வலது காலில் டெர்மல் பேக்ஃப்ளோ (நிணநீர் தோலுக்குள் திரும்பிப் பரவுவது), ‘கன்சிஸ்டன்ட் வித் லிம்ஃபெடீமா’. படிக்கிற நமக்கு விஷயம் முடிந்துவிட்டது. ஐ.சி.டி. விதிப்படி முடியவில்லை. வெளி நோயாளிக்கு ‘ரூல் அவுட்’, ‘சஸ்பெக்டட்’, ‘ப்ராபபிள்’ போலவே ‘கன்சிஸ்டன்ட் வித்’, ‘கம்பேட்டிபிள் வித்’ என்ற சொற்களும் சந்தேகக் கணக்கில்தான் சேரும். சந்தேகத்தை வியாதியாகக் கோட் செய்யக்கூடாது, அறிகுறியைத்தான் செய்யலாம். ஆகவே க்ளெய்ம் ஆர் 60.0 என்றோ எம் 79.89 என்றோ வெறும் வீக்கமாகப் போகும். பேயர் ‘வெறும் வீக்கத்துக்கு இந்தப் படம் எதற்கு’ என்று சி.ஓ. 50 போடும்.

இதற்கு வழி இரண்டு. ஆர்டர் கொடுத்த டாக்டரின் விசிட் நோட்டில் லிம்ஃபெடீமா என்று உறுதியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோடிங் டீமுக்குக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கிளையன்ட் வழியாக ரேடியாலஜிஸ்டுக்கு க்வெரி போக வேண்டும். க்வெரியில் “லிம்ஃபெடீமா என்று மாற்றிக் கொடுங்கள்” என்று எழுதினால் வேலை போகும். “இந்தக் கண்டுபிடிப்பின் முடிவு என்ன என்று தெளிவுபடுத்த முடியுமா” என்பதுதான் கேள்வி. பதில் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

கடைசியாக, அப்பீல். கோட் சரி, பாயின்டர் சரி, அப்படியும் சி.ஓ. 50 என்றால் ரெகார்டு பேச வேண்டும். அப்பீல் லெட்டர் எழுதும் முன் விசிட் நோட்டில் நான் தேடுவது: எந்தக் கை அல்லது கால், எத்தனை மாசமாக, சுற்றளவு இரு பக்கமும் எத்தனை சென்டிமீட்டர், தோலைக் கிள்ளிப் பார்க்கும் ஸ்டெம்மர் சோதனை செய்தார்களா, ரத்தக் கட்டி இல்லை என்று டாப்ளரில் பார்த்தார்களா, கட்டு, மசாஜ், கம்ப்ரெஷன் எவ்வளவு நாள் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், இந்தப் படத்தின் முடிவால் சிகிச்சையில் என்ன மாறும்? ‘நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கும் அறுவைக்குத் திட்டமிட’ என்று ஒரு வரி இருந்தால் லெட்டர் தானாக எழுதிக்கொள்ளும். ‘நோயாளி விரும்பியதால்’ என்று இருந்தால் என்ன எழுதினாலும் நிற்காது.

பேயரின் பாலிசியை இறக்கி, அதன் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நோட்டில் எந்தத் தேதி, எந்தப் பக்கம் பதில் சொல்கிறது என்று எழுதுங்கள். மெடிகேரின் முதல் அப்பீலுக்கு, முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாள். தனியாருக்குக் காண்டிராக்டில் இருப்பதுதான் கணக்கு. சுற்றளவும் இல்லை, முந்தைய சிகிச்சையும் இல்லை என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. டாக்டருக்கு டாக்டர் பேசும் பியர் டு பியர் கேட்கச் சொல்லிக் கிளையன்டுக்கு எஸ்கலேட் செய்யுங்கள். அதற்கு ஒரு சில நாள்தான் அவகாசம் கொடுக்கும் பேயர்களும் உண்டு. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

## சி.ஓ. 197: ஆத்தரைசேஷன் இல்லை

முதலில் 23-வது கட்டம். நம்பர் இருந்தும் ஏறாமல் போயிருக்கலாம், ஏற்றி அனுப்புங்கள்.

நம்பர் ஏறியிருந்தும் டினையல் என்றால் ரெப்பிடம் 3 கேள்வி: எந்த சி.பி.டி.க்கு ஆத் கொடுத்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எது வரை, எந்த ஆஸ்பத்திரிக்கு? முதல் கேள்வியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். டாக்டர் ஆபீஸில் 75803-க்கு ஆத் வாங்கியிருப்பார்கள், ஸ்கேன் சென்டரில் 78195 நடந்திருக்கும். இரண்டையும் அவர்கள் ‘லிம்ஃப் ஸ்டடி’ என்றே சொல்லியிருப்பார்கள். ஆத்தைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். ஆத்துக்கு ஏற்றபடி க்ளெய்ம் கோடைத் திருத்துவது மோசடி.

ஆத் வாங்கவே இல்லை என்றால் ரெட்ரோ ஆத் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, கால் ரெஃபரன்ஸ் நம்பரோடு கிளையன்டுக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் அது அவர்கள் வேலை. இது ஆஸ்பத்திரியின் பொறுப்பான சி.ஓ., நோயாளியின் பொறுப்பான பி.ஆர். இல்லை; நோயாளிக்கு பில் போகக்கூடாது.

இந்தக் கால்களுக்கு நேரம் முக்கியம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு அதே 9 மணி நமக்கு 7:30. அந்த முதல் அரை மணி நேரத்தில் கூப்பிட்டால் ஹோல்ட் குறைவு. பதினொன்றுக்கு மேல் கூப்பிட்டால் கீழே போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

## பணம் வந்தது, ஆனால் குறைவாக

ஈ.ஓ.பி.யில் டினையல் இல்லாததால் இதை யாரும் பார்ப்பதில்லை.

26 இருக்கிறதா? ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில், அதாவது இடக் கோட் 22-ல், மெஷின் ஆஸ்பத்திரியுடையது. டாக்டருக்குப் படத்தைப் படித்துச் சொன்ன கூலி மட்டும்தான்; 26 போட வேண்டும். டாக்டரின் சொந்த சென்டரில் எடுத்த படத்துக்கு யாரோ 26 போட்டிருந்தால் பெரிய பங்கான டெக்னிக்கல் பணம் அப்படியே போய்விடும். இடக் கோடையும் மாடிஃபையரையும் சேர்த்தே பாருங்கள்.

ட்ரேசர் லைன். சல்ஃபர் கொலாய்டுக்கு ஏ 9541, ஒரு ஸ்டடி டோஸ், 20 மில்லிகியூரி வரை. இரண்டு பாதத்திலும் விரலிடுக்குகளில் மொத்தம் 4 ஊசி போட்டார்கள் என்று 4 யூனிட் போட்ட க்ளெய்ம் எங்களிடம் வந்தது. ஊசியை எண்ணக் கூடாது. அது ஒரே ஸ்டடி, 1 யூனிட். டில்மனோசெப்ட் என்றால் ஏ 9520; அதன் யூனிட் அரை மில்லிகியூரி வரை. மருந்தை மாற்றிக் கோட் போட்டால் பணம் ஏறலாம், இறங்கலாம், இரண்டுமே தப்பு. ஆஸ்பத்திரி பில்லில் மெடிகேர் விலை குறைந்த ட்ரேசர்களை ஸ்கேன் பணத்துக்குள்ளேயே அடக்கிவிடும். 2025-லிருந்து ஒரு நாள் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் தனியாகக் கொடுக்கிறார்கள். அந்த வருஷ வரம்பு 630 டாலர். சும்மா அடங்கிப்போன லைனுக்கு அப்பீல் எழுதி ராத்திரியை வீணாக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காண்டிராக்ட் விலையைவிடக் குறைவாக வந்திருந்தால், அதே பேயரிடமிருந்து வந்த இன்னும் 5 க்ளெய்மை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே குறைவு என்றால் அது காண்டிராக்ட் ஆட்களின் தலைவலி, பட்டியலோடு அனுப்பிவிடுங்கள்.

## ஐ.சி.ஜி.: எந்தக் கோட் போட்டாலும் திரும்புகிறது

திரும்பத்தான் செய்யும். கையில் பச்சைச் சாயம் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பது எக்ஸ்ரேயும் இல்லை, ஐசோடோப்பும் இல்லை. 75801 போட்டால் ஃப்ளூரோஸ்கோபி எங்கே என்பார்கள். 78195 போட்டால் ட்ரேசர் எங்கே என்பார்கள். பட்டியலில் இல்லாத நிணநீர்ச் செயல்முறைக்கான 38999-ஐ எங்கள் கோடிங் டீம் போடுகிறது. அன்லிஸ்டட் கோடுக்கு 19-வது கட்டத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி, கூடவே செயல்முறை நோட், இதற்கு நிகரான வேலை எந்தக் கோட் என்று டாக்டர் தரும் ஒப்பீடு. மூன்றும் இல்லாமல் அனுப்பினால் தபால் செலவுதான் தண்டம். பரிசோதனை நிலை என்று பேயர் பாலிசியே சொன்னால் அங்கே நிறுத்திக் கிளையன்டிடம் சொல்லிவிடுங்கள்.

## சி.ஓ. 29: காலம் கடந்துவிட்டது

மெடிகேருக்கு சர்வீஸ் தேதியிலிருந்து 1 வருஷம். தனியாருக்கு 90 நாளாகவும் இருக்கலாம், காண்டிராக்டைப் பாருங்கள். மேலே சொன்ன தப்புகளில் இரண்டு மூன்றைச் சுற்றி வந்த க்ளெய்ம்கள்தான் கடைசியில் இங்கே வந்து விழுகின்றன.

நாம் நேரத்தில் அனுப்பினோம் என்று காட்ட ஒரே நல்ல சாட்சி, க்ளியரிங்ஹவுஸிலிருந்து வரும் 277 சி.ஏ. ரிப்போர்ட்டில் பேயர் ஏற்றுக்கொண்டதாக இருக்கும் வரி. நம் சாஃப்ட்வேரில் ‘அனுப்பியது’ என்று காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை எந்த ரெப்பும் மதிக்க மாட்டார். ரிஜெக்ட் ஆன வரியைச் சாட்சியாக அனுப்பிய கதையும் எங்கள் ஃப்ளோரில் உண்டு. அந்தத் தம்பி இன்னும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சாட்சி இருந்தால் பழைய க்ளெய்ம் நம்பரோடு அப்பீல் போடுங்கள். இல்லாவிட்டால் ரைட் ஆஃபுக்கு (தள்ளுபடிக்கு) கிளையன்டின் எழுத்துமூல அனுமதி வாங்கிக்கொண்டு, நோட்ஸில் எந்தத் தப்பில் எத்தனை நாள் போனது என்று எழுதிவிட்டுக் கணக்கை மூடுங்கள்.